படம் வரைய ஒரு தனிக் கண்ணாடி

ப்ரோக்ரஸிவ் லென்ஸ் பஸ்ஸில் போக, பேப்பர் படிக்க, போன் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. படம் வரைய மட்டும் அதை நம்பாதீர்கள். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தும் பென்சிலை விட மனசில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் பள்ளி ஓவிய ஆசிரியை. லீவு நாட்களில் பழைய செட்டிநாட்டு வீடுகளை வரைவேன். ப்ரோக்ரஸிவில் மேலே தூரப் பவர், அடியில் படிக்கிற பவர், நடுவே குறுகலாக ஒரு பாதை. அதன் இரு ஓரங்களிலும் உருவம் கோணும். லென்ஸ் மட்டம் என்பதல்ல, அதன் அமைப்பே அப்படி. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை வரையும்போதுதான் வதை தெரியும். வரிசை பிடித்துப் போகும் கற்கள், தலையைத் திருப்பத் திருப்ப வளைந்து நெளியும். எது நேர்கோடு என்று கண்ணுக்கே சந்தேகம் வந்துவிடும். நிற்கும் பலகையில் இன்னும் மோசம். தாள் முகத்துக்கு நேரே, அதற்கான பவரோ லென்ஸின் கீழ்ப்பாதியில். தண்ணீர் குடிக்கும் கோழி மாதிரி மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, சாயங்காலம் பிடரி வலிதான் மிச்சம்.

அதை விற்ற கடையில் "எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும் டீச்சர்" என்றார்கள். என்ன வேலைக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது வரையும்போது போடுவது ஒரே பவர் உள்ள கண்ணாடி, பலகைத் தூரத்துக்கென்றே செய்தது. வேறொரு சின்னக் கடையில் வாங்கினேன். அங்கே பவர் பார்க்கும் தம்பி எடுத்தவுடன் கேட்டது, "பலகை எவ்வளவு தூரத்துல இருக்கும் டீச்சர்?" தையல் டேப்பால் வீட்டிலேயே அளந்து வைத்திருந்தேன்: கண்ணிலிருந்து தாள் வரை 65 செ.மீ. 100-ஐ அதால் வகுத்தால் அந்தத் தூரத்துக்கு வேண்டிய பவர், ஏறக்குறைய ஒன்றரை. என் தூரப் பவர் பிளஸ் 0.75. கூட்டினால் பிளஸ் 2.25. படிக்கிற கண்ணாடியை வழக்கமாக 40 செ.மீ. தூரத்துக்குத்தான் போடுவார்கள், பலகை அதில் மங்குவது அதனால்தான். கணக்கோடு விடாமல், சோதனை பிரேமில் லென்ஸை மாட்டி, கையில் ஒரு தாளைக் கொடுத்து, நீட்டியும் மடக்கியும் பார்க்கச் சொன்னார் தம்பி. தூரப் பவர் மைனஸ் ஒன்றரை உள்ளவர்களுக்கு இந்தச் செலவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினாலே 67 செ.மீ. வாக்கில் தாள் தெளிவாகத் தெரியும்.

லென்ஸ் சாதா பிளாஸ்டிக், சிஆர்-39. உடையாது என்று பாலிகார்பனேட்டைச் சொல்வார்கள். பவர் கூடக் கூட, அதன் ஓரம் வழியாகப் பார்க்கும் கறுப்புக் கோட்டுக்கு நிறக் கரை கட்டும். வெளிச்சம் எதிரடிக்காத கோட்டிங் மட்டும் போதும். நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் கோட்டிங் போட்டால் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் லேசாக மஞ்சளடிக்கும், நிழலுக்குக் கலக்கும் நீலமும் கணக்குத் தப்பும். வெயிலில் கறுக்கும் லென்ஸ் வேண்டவே வேண்டாம். முற்றத்து வெயிலிலிருந்து பட்டாலைக்குள், அதாவது கூடத்துக்குள், வந்தால் அது வெளுக்கச் சில நிமிடங்கள் ஆகும். நம்மூர்ச் சித்திரைச் சூட்டில் அது முழுசாகக் கறுப்பதும் இல்லை என்பது வேறு கதை.

குறை இல்லாமல் இல்லை. முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள பர்மா தேக்குத் தூணின் செதுக்கு வேலை இதில் மங்கிவிடும். அதற்காகவே உயரம் குறைந்த பிரேமாக எடுத்தேன். மூக்கில் கொஞ்சம் இறக்கிப் போட்டு, தூணைக் கண்ணாடிக்கு மேலாகவும் தாளைக் கண்ணாடி வழியாகவும் பார்க்கிறேன். என் தூரப் பவர் சிறியது, அதனால் ஒத்துவருகிறது. கானாடுகாத்தான் தெருவில் நின்று வீட்டு முகப்பு வரைய மட்டும் பழைய ப்ரோக்ரஸிவ்தான். நோட்டு கையில் தாழ்வாக இருப்பதால் அங்கே அது சரியாகவே வேலை செய்கிறது.

சார்க்கோல் தூள் படிந்தால் முந்தானையால் துடைக்காதீர்கள், கோட்டிங் கீறிவிடும். முதலில் குழாய்த் தண்ணீர், அப்புறம் துணி.

விலை ப்ரோக்ரஸிவுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்றைக் குறைத்தது பிரேமின் காதுப்பக்கத் திருகுக்காக, அடிக்கடி கழன்றுவிடுகிறது. ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன், இப்போதைக்கு நிற்கிறது.