நர்சிங் கோச்சிங்குக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வாரம் வேலை முடிஞ்சு வரும்போது, பெண்கள் பள்ளிக்கூட வாசல்ல பிளஸ் டூ பிள்ளைங்க கையில அதே மஞ்சள் நோட்டீஸ் இருந்துச்சு. "நர்சிங் நுழைவுத் தேர்வு சிறப்புப் பயிற்சி, சீட் உறுதி." மூணு வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு வந்ததும் இதே நோட்டீஸ்தான். அதனாலதான் எழுதுறேன்.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. தங்கச்சிக்குச் சின்ன வயசுல இருந்தே நர்ஸ் ஆகணும், அதுவும் மிலிட்டரி நர்ஸ் ஆகணும்னு ஆசை. 2023 ஜனவரியில ரெண்டு பேரும் திண்டுக்கல்ல இருக்கிற அந்த சென்டருக்குப் போனோம். பேர் போடலை. மாடியில ரெண்டு ரூம், சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைங்க படம். மேனேஜர் உட்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார்.

"இனிமே கவர்ன்மென்ட் காலேஜ்ல பிஎஸ்சி நர்சிங் சேரணும்னாலே என்ட்ரன்ஸ்தாம்மா. எய்ம்ஸ், ஜிப்மர், மிலிட்டரி எல்லாத்துக்கும் நம்ம ஒரே கோச்சிங் போதும்."

"சார், நீட் எழுதணுமா?"ன்னு தங்கச்சி கேட்டா.

"நீட் டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கும்மா. உனக்கு எதுக்கு?"

எங்களை முழுசா ஏமாத்தினது இந்த ஒரு பதில்தான். அன்னைக்கு அது எனக்குப் புரியலை. 15,000 கட்டினோம், பொதுத்தேர்வு முடிஞ்சதும் இன்னும் 11,000. விண்ணப்பக் கட்டணம்னு தனியா 2,500 வாங்கினாங்க. அதுல பாதிக்கு மேல நான் மில்லுல ஓவர்டைம் பார்த்த காசு.

உண்மை என்னன்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். தமிழ்நாட்டுல தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வே வேண்டாம்னு 2006-லயே சட்டம் போட்டாச்சு. அரசு நர்சிங் கல்லூரி சீட்டும், தனியார் கல்லூரியில இருக்கிற அரசு ஒதுக்கீட்டு சீட்டும், சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கிற மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு மூலமா, பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வச்சுத்தான் 2023-லயும் கொடுத்தாங்க. ஆக, இந்த சீட்டுக்குத் தேவையே இல்லாத ஒரு பரீட்சைக்குத்தான் நாங்க பணம் கட்டியிருக்கோம்.

நுழைவுத் தேர்வு உண்மையா தேவைப்படுற இடத்துல நடந்தது இன்னும் கொடுமை. அந்த வருஷம் ஜிப்மர் நர்சிங்குக்கு நீட் மதிப்பெண்தான். மிலிட்டரி நர்சிங்குக்கும் 2022-ல இருந்தே நீட்தான் முதல் படி. நீட் மார்க்கை வச்சுக் கூப்பிடுறாங்க, பிறகு பொது அறிவுத்திறனும் இங்கிலீஷும் சோதிக்கிற ஒரு கம்ப்யூட்டர் தேர்வு, நேர்காணல், மெடிக்கல். நாடு முழுக்க ஆறு கல்லூரியில 220 சீட், பெண்களுக்கு மட்டும். படிப்புச் செலவை ராணுவமே பார்த்துக்குது. என் தங்கச்சி தமிழ் மீடியம். நீட்டைத் தமிழ்லயே எழுதலாம். எய்ம்ஸ் நர்சிங் தேர்வு இங்கிலீஷ், இந்தி ரெண்டுல மட்டும்தான். அவளுக்குத் தோதான பரீட்சையை வேண்டாம்னு சொல்லி, தோதில்லாத பரீட்சைக்குள்ள தள்ளிவிட்டாங்க. இது எங்களுக்குத் தெரிய வந்தப்போ நீட் விண்ணப்பம் மூடியாச்சு.

பாடமாவது ஒழுங்கா நடந்துச்சான்னா, அதுவும் இல்லை. ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புக்குல 100 கேள்வி இருக்கும், விடைப்பட்டியல் 60-வதோட நின்னுடும். வாத்தியார் மூணு தடவை மாறினார். கடைசியா வந்தவர் அதே ஊர்ல பாராமெடிக்கல் படிச்சுக்கிட்டிருந்த பையன். அவர்மேல எனக்குக் கோபம் இல்லை, தெரிஞ்சதைப் பொறுமையாத்தான் சொல்லிக் கொடுத்தார்.

மாதிரித் தேர்வு பேப்பர் ஒண்ணு இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். மேல சிவப்பு மையில 58 போட்டு "குட்"னு எழுதியிருக்கு. எய்ம்ஸ் தேர்வுல 100 கேள்வி: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் 30, 30, 30, பொது அறிவு 10. தப்பான பதில் ஒவ்வொண்ணுக்கும் மூணுல ஒரு பங்கு மார்க் குறைப்பாங்க. இங்கேயோ "தெரியலைன்னா எதையாவது டிக் பண்ணு, ஒண்ணையும் விடாதே"ன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. அவ நூறையும் எழுதினா, 42 தப்பு. 14 மார்க் கழிச்சா 44-தான். அந்த 58-ஐ நம்பி எங்கம்மா கோயிலுக்கு மாவிளக்கு போட்டாங்க.

அந்தப் பரீட்சையையும் அவ எழுதலை. எய்ம்ஸ் விண்ணப்பம் ரெண்டு கட்டமா நடக்கும். முதல்ல பேசிக் ரெஜிஸ்ட்ரேஷன். இதுக்குப் பணம் கிடையாது, போட்டோ, கையெழுத்து, பெருவிரல் ரேகை ஏத்தணும். அது ஏற்கப்பட்ட பிறகு கோட்னு ஒரு குறியீட்டு எண் எடுத்து, பணம் கட்டி, தேர்வு மையம் தேர்ந்தெடுத்து ஃபைனல் ரெஜிஸ்ட்ரேஷன் முடிக்கணும். சென்டர்ல முதல் கட்டத்தை மட்டும் போட்டு, அந்தத் தாளை பிரிண்ட் எடுத்துக் கையில கொடுத்துட்டாங்க. நாங்க அதையே விண்ணப்பம்னு பூஜை அறையில வச்சிருந்தோம். போன் நம்பரும் மெயிலும் சென்டரோடது, அதனால வந்த தகவல் எதுவும் எங்களுக்கு வரலை. ஹால் டிக்கெட் எங்கேன்னு கேட்டப்போ "சர்வர் பிராப்ளம்"னாங்க. மில்லுல கூட வேலை பார்க்கிற அக்காவோட பையன் வந்து தாளைப் பார்த்துட்டு, "இதுல பாதிதான் முடிஞ்சிருக்கு, பணமே கட்டலை"ன்னு சொன்னான். தங்கச்சி அழக்கூட இல்லை, தாளையே பார்த்துக்கிட்டிருந்தா.

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே, சரிபார்க்கணும்னு பத்தாவது மார்க் ஷீட்டையும் டிசியையும் ஒரிஜினலா வாங்கி வச்சிருந்தாங்க. திருப்பிக் கேட்டா, "பெங்களூர் காலேஜ்ல உங்க பொண்ணுக்கு சீட் போட்டாச்சு, ஒரு லட்சம் ரெடி பண்ணுங்க, கேன்சல் பண்ணணும்னா 20,000 கட்டுங்க"ன்னு மேனேஜர் சொன்னார். அவர் எங்களை எதுக்குச் சேர்த்தார்னு அப்போதான் விளங்குச்சு. இவங்க பல பேர் வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட்டுங்க, கோச்சிங் வாசல் மட்டும்தான். தாய்மாமாவைக் கூட்டிட்டுப் போய், "சர்டிபிகேட் வராம இங்கிருந்து எழுந்திரிக்க மாட்டோம், இல்லைன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்"னு உட்கார்ந்தோம். மூணு மணி நேரம் கழிச்சுக் கொடுத்தாங்க. தேர்வுக் குழு விண்ணப்பம் முடிய அப்போ ரெண்டு நாள்தான் பாக்கி.

பிள்ளையை அனுப்புறவங்ககிட்ட கெஞ்சிக் கேட்கிறேன். எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேர்வுன்னு அந்தந்த நிறுவனத்தோட அந்த வருஷ அறிவிப்பைப் பாருங்க, விதி மாறிக்கிட்டே இருக்கும். விண்ணப்பத்துல உங்க போன் நம்பர், உங்க மெயில் மட்டும்தான் போகணும், பாஸ்வேர்டு பிள்ளைகிட்ட இருக்கணும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கோச்சிங் சென்டர்ல கொடுக்கவே கொடுக்காதீங்க. ஏதாவது கல்லூரி பேர் சொன்னா, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல்ல இருக்கான்னு பார்த்துட்டுப் பேசுங்க. விவரம் கேட்க ஆள் இல்லைன்னா பள்ளிக் கல்வித் துறையோட 14417-க்குக் கூப்பிடுங்க. எனக்கு அந்த நம்பர் முன்னாடியே தெரிஞ்சிருந்தா 28,500 ரூபாய் வீட்டுல இருந்திருக்கும்.

பணத்துக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சேன். அதுக்கப்புறம் சென்டர்ல இருந்து கூப்பிட்டு, 9,000 தர்றோம், புகார் இல்லைன்னு கையெழுத்துப் போடுங்கன்னாங்க. போடலை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் வழக்குக் கட்டணம் கிடையாது, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. போட்டிருக்கேன், நடந்துக்கிட்டிருக்கு.

தங்கச்சிக்குக் கலந்தாய்வுல அரசு ஒதுக்கீட்டு சீட் கிடைச்சு, இப்போ மூணாம் வருஷம் படிக்கிறா. டிவியில ராணுவ ஆஸ்பத்திரி வந்தா மட்டும் சேனலை மாத்திடுவா. அவகூட அந்த மாடி ரூம்ல இன்னும் இருபது பிள்ளைங்களுக்கு மேல படிச்சாங்க. அவங்க வீட்டுல யாராவது இதைப் படிச்சா, ரசீதையும் அந்த பிரிண்ட் தாளையும் தூக்கிப் போட்டுடாதீங்க, என்கிட்ட சொல்லுங்க. அடுத்த வாய்தாவுக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம்.