மடிக்கணினி: வெளிநாட்டில் வாங்குவதா, உள்நாட்டில் மாணவர் சலுகையில் வாங்குவதா?

வெளிநாட்டுப் பயணம் உறுதியானதும், அந்நாட்டு மடிக்கணினி விலையை இணையத்தில் தேடி, அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, உள்நாட்டு விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. வெளிநாடு அமெரிக்காவாக இருந்தால் அந்தக் கணக்கு இலாபம் போலவே தோன்றும்; ஏனெனில் அங்கு காட்டப்படும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருப்பதில்லை, பணம் செலுத்தும்போதுதான் அது ஏறும். ஓரிகன், டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகியவற்றில் மாநில விற்பனை வரி கிடையாது; வேறு பல ஊர்களில் மாநில வரியும் உள்ளாட்சி வரியும் சேர்ந்து 8, 9 விழுக்காட்டைத் தொடும். வரி சேராத அந்த விலையை வரி அடங்கிய உள்நாட்டு விலைக்கு அருகில் வைப்பவர், ஒன்றை உறை நீக்கியும் மற்றொன்றை உறையோடும் எடைபோடுகிறார்.

ஐரோப்பிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கு விலைக்குள் வரி அடக்கம்; ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் பயணிகள் அதைத் திரும்பப் பெறலாம். ஜெர்மனியில் வரி 19 விழுக்காடு என்றதும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 119 யூரோ பொருளில் வரி 19 யூரோ, அதாவது செலுத்திய தொகையில் 16 விழுக்காடு. அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி படிவத்தில் முத்திரையிடுவதற்கு முன் பொருளைக் காட்டச் சொல்லலாம். மடிக்கணினியைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு வரிசையில் நிற்பவருக்கு அங்கேயே சலுகை கைநழுவும். பிரிட்டனில் (வட அயர்லாந்து நீங்கலாக) கடையில் வாங்கி எடுத்துச்செல்லும் பொருட்களுக்கான இந்த வசதி 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இவற்றுடன் வங்கி அட்டையின் அயல்நாணயக் கட்டணத்தையும், திரும்பி வரும்போது தன் நாட்டுச் சுங்கம் கேட்கக்கூடிய தீர்வையையும் கூட்டிய பிறகே உண்மையான விலை தெரியும்.

மாணவர் சலுகை இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டுவதில்லை. உற்பத்தியாளரின் சொந்த விற்பனைப் பக்கத்தில் பட்டியல் விலையிலிருந்து ஓரளவு குறைப்பார்கள். புதிய கல்வியாண்டை ஒட்டி ஏதேனும் துணைக்கருவியும் சேரலாம். (அதே மாடலைச் சாதாரணக் கடைகள் தள்ளுபடிக் காலத்தில் இதைவிடக் குறைத்து விற்பதும் உண்டு என்பதால், மாணவர் விலையே அடிமட்ட விலை என்று நம்பிவிட வேண்டியதில்லை.) ஆயினும் நான் இந்தப் பக்கமே சாய்கிறேன், விலையைவிட, எந்த இயந்திரம் கிடைக்கிறது என்பதே அதற்குக் காரணம். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் என்னும் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. ஆப்பிளின் எம் வகைச் சில்லுகளில் அது சில்லின் தொகுப்புக்குள்ளேயே அமைந்துவிட்டது. வாங்கும் நாளில் எடுத்த 8 ஜிபி இறுதிவரை 8 ஜிபிதான். வீட்டிலிருந்து ஆர்டர் செய்பவர் தேவையான அளவைத் தேர்ந்துகொண்டு இரண்டு மூன்று வாரம் காத்திருக்கலாம். நான்கு நாள் பயணத்தில் இருப்பவர் கடையில் இருப்பதைத்தான் எடுத்து வர முடியும்.

கடையில் இருப்பது அந்நாட்டு விசைப்பலகையோடும் இருக்கும். ஜெர்மன் பலகையில் ஒய், இசட் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சுப் பலகையில் எண்களைத் தட்டவே ஷிப்ட் விசையை அழுத்த வேண்டும். விண்டோஸ் மடிக்கணினிகளின் பிரிட்டிஷ் பலகையில் 2-க்கு மேல் மின்னஞ்சல் குறிக்குப் (@) பதிலாக மேற்கோள் குறி இருக்கும். மென்பொருளில் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். விசைமேல் அச்சிட்ட எழுத்து மாறாது. மின்னேற்றியைப் பற்றிக் கவலை வேண்டாம்: பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை, செருகி மட்டுமே மாறும்.

உத்தரவாதம்தான் கணக்கில் எளிதாக விடுபடுவது. ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான ஓராண்டு உத்தரவாதம் பொதுவாகப் பிற நாடுகளிலும் ஏற்கப்படுகிறது. அலுவலகப் பயன்பாட்டுக்கான விண்டோஸ் மாடல்கள் சிலவற்றுக்கும் பன்னாட்டு உத்தரவாதம் உண்டு. மாணவர்கள் அதிகம் வாங்கும் மலிவு மாடல்களில் பல, வாங்கிய நாட்டோடு கட்டுண்டவை. திரையில் ஒரு புள்ளி எரியாமல் இருப்பதை ஊர் திரும்பிய பிறகு கவனித்தால், திருப்பித் தருவதற்கான காலக்கெடு மிச்சமிருந்தும் பயன் இல்லை.

படிக்கவே வெளிநாடு செல்லும் மாணவருக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி அந்நாட்டு மாணவர் சலுகையிலேயே பெரும்பாலும் வாங்கலாம். உத்தரவாதமும் அவர் வசிக்கும் இடத்திலேயே செல்லும். புறப்படும் முன் இங்கே அவசரமாக வாங்குவதைவிட, பழைய கணினியோடு முதல் சில வாரங்களை ஓட்டிவிட்டு அங்கே வாங்குவதே அவருக்கு நல்லது.