மிளகாய்க்கு ஒரு மைக்ரோஅரே: இணையத்தில் வடிவமைப்பதா, சொந்தக் கணினியிலா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வைகாசி தாண்டிவிட்டால் கரையை அண்டிய தோட்டக் கிணறுகள் பல உவர்க்கத் தொடங்கிவிடும். அந்த நீரைப் பாய்ச்சிய மிளகாய்க் கன்றின் வேரில் எந்தப் பரம்பரையலகுகள் முடுக்கம் பெறுகின்றன, எவை அடங்கிப் போகின்றன என்று அறிவதற்காக, 2,400 பரம்பரையலகுகளைக் கொண்ட பட்டியலொன்றை எங்கள் சிறிய குழு தயாரித்து வைத்திருந்தது. அந்தப் பட்டியலுக்கு ஏற்ற டி.என்.ஏ மைக்ரோஅரே ஒன்றை, அதாவது ஆயிரக்கணக்கான டி.என்.ஏ புள்ளிகள் பதித்து, எந்தப் பரம்பரையலகு எவ்வளவு முடுக்கம் பெற்றிருக்கிறது என்று அளக்கும் கண்ணாடித் தகடொன்றை, வடிவமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. எஜிலென்ட் நிறுவனத்தின் ‘ஈ-அரே’ என்னும் இணைய மென்பொருளிடம் வேலையை ஒப்படைப்பது ஒன்று. ‘ஒலிகோ-அரே’ போன்ற இலவச மென்பொருளைச் சொந்தக் கணினியில் நிறுவி, புரோப்புகளை (ஒவ்வொரு பரம்பரையலகின் ஆர்.என்.ஏயையும் இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ துண்டுகளை) நாமே தெரிவுசெய்து, ஆயத்தமான பட்டியலாக அச்சிடக் கொடுப்பது மற்றது. இரண்டையும் செய்து பார்த்த பின்னர் முதலாவதன் பக்கம் சாய்ந்தவன் நான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுநிலை அலசலை எதிர்பார்ப்பவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

மாதிரியிலுள்ள ஆர்.என்.ஏயை நேரடியாகவே வாசிக்கும் ஆர்.என்.ஏ வரிசையாக்கம் இருக்கும் காலத்தில் மைக்ரோஅரே எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. தெரிந்த சில ஆயிரம் பரம்பரையலகுகளைப் பல மாதிரிகளில் மீண்டும் மீண்டும் அளப்பதுதான் எங்கள் தேவை. அதன் தரவை ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே பகுத்துவிடலாம். புதிய பரம்பரையலகுகளைத் தேடுபவர்கள் வரிசையாக்கத்துக்கே போகட்டும்.

அச்சிடும் தொழில்நுட்பத்தைத் தெரிவதிலும் நாங்கள் அதிக நேரம் செலவிடவில்லை. அஃபிமெட்ரிக்ஸ் முறையில் 25 நியூக்கிளியோரைட்டு (டி.என்.ஏயின் ஓர் ‘எழுத்து’) நீளமான புரோப்புகள் ஒளியச்சு முறையில் உருவாக்கப்படுகின்றன. அதற்கு வடிவமைப்புக்கு வடிவமைப்பு தனியான மறைப்புத் தகடுகள் வேண்டும் என்பதால், பத்துப் பன்னிரண்டு கண்ணாடி வழுக்கிகள் (தகடுகள்) மட்டுமே தேவைப்படும் எங்களைப் போன்றோருக்கு அது பொருந்தாது. எஜிலென்ட் முறையிலோ, மைத்தாரை அச்சுப்பொறி மை தெளிப்பதைப் போல நான்கு வகை மூலக்கூறுகளையும் கண்ணாடி வழுக்கியின் மீது ஒவ்வொரு படையாகத் தெளித்து, 60 எழுத்து நீளமான புரோப்பை அந்த இடத்திலேயே கட்டியெழுப்புகிறார்கள். மறைப்புத் தகடு கிடையாது என்பதால் வடிவமைப்பை மாற்றுவது கோப்பொன்றை மாற்றுவதற்குச் சமம். எங்களுக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. மிளகாயின் முழு மரபுத்தொகுதி மெக்சிக்கோவைச் சேர்ந்த சி.எம்.334 என்னும் வகையில் வாசிக்கப்பட்டு 2014இல் வெளியானது. நாங்கள் பயிரிட்டது எம்.ஐ.2 என்னும் வேறொரு வகை. ஓரிரு எழுத்து வேறுபாட்டை 60 எழுத்துப் புரோப் பொறுத்துக்கொள்ளும், 25 எழுத்துப் புரோப் தடுமாறும்.

ஆக, அச்சிடுவது எவ்வாறாயினும் எஜிலென்ட்தான். புரோப்புகளைத் தெரிவது யார் என்பதே கேள்வி.

ஈ-அரேயில் கணக்கொன்றைத் திறந்தால் போதும், நிறுவுவதற்கு எதுவும் இல்லை. பரம்பரையலகுகளின் வரிசைகளை ஃபாஸ்டா என்னும் எளிய உரைக் கோப்பாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை புரோப்புகள் வேண்டும், அவை பரம்பரையலகின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏயின் வால்பகுதிக்கு அண்மையில் அமைய வேண்டுமா, எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பவற்றைக் குறித்துக் கொடுத்தால், வேலை அவர்களுடைய வழங்கியில் ஓடி முடிந்ததும் மின்னஞ்சல் வருகிறது. வால்பகுதி என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாதிரியைச் சாயமேற்றும் வழக்கமான முறை பொலி-ஏ வாலிலிருந்தே படியெடுக்கத் தொடங்குகிறது. ஆர்.என்.ஏ சற்றுச் சிதைந்திருந்தால், தலைப்பகுதியில் அமைந்த புரோப்புக்குச் சமிக்ஞையே எட்டாது. தோட்டத்தில் பிடுங்கிய வேரைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் கொண்டுவரும் எங்கள் நிலைமையில் இது சின்ன விடயமல்ல.

வழுக்கியின் அமைப்பைத் தெரிந்தபோது சிறு கணக்கொன்று போட வேண்டியிருந்தது. 8×15கே என்னும் அமைப்பில் ஒரே வழுக்கியில் எட்டு அரேக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 15,744 புள்ளிகள் உண்டு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் போக 15,000 சொச்சம் நம் கைக்கு வரும். 2,400 பரம்பரையலகுகளுக்கு மும்மூன்று புரோப்புகள் வீதம் 7,200. ஒவ்வொன்றையும் இருமுறை அச்சிட்டால் 14,400. அச்சொட்டாக அடங்கிவிட்டது. 62,976 புள்ளிகள் கொண்ட 8×60கே அமைப்பு கண்ணைக் கவர்ந்தாலும், அதன் புள்ளிகள் 30 மைக்ரோமீற்றர் அளவானவை. எங்களுக்காக வழுக்கிகளை வருடி (ஸ்கேன் செய்து) தர ஒப்புக்கொண்ட வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் இருந்த பழைய வருடியோ 65 மைக்ரோமீற்றர்ப் புள்ளிகளைத்தான் ஒழுங்காக வாசிக்கும். வருடி எது என்று அறியாமல் அமைப்பைத் தெரிவது, கதவின் அகலம் பாராமல் கட்டில் வாங்குவதைப் போன்றது.

ஒலிகோ-அரே மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் இரண்டாம் பதிப்பு 2003இல் ஆய்விதழில் வெளியிடப்பட்டது. ஜாவாவில் இயங்கும் இம்மென்பொருள் ஒவ்வொரு பரம்பரையலகிலும் பொருந்தக்கூடிய துண்டுகளை எடுத்து, பிளாஸ்ட் என்னும் வரிசை ஒப்பீட்டு மென்பொருள் மூலம் ஏனைய வரிசைகளோடு ஒப்பிட்டு, எந்த வெப்பநிலையில் எது எதோடு பிணையும், எது தனக்குள்ளேயே மடிந்துகொள்ளும் என்று வெப்ப இயக்கவியல் கணக்கால் சலிக்கிறது. இதன் நேர்மையை நான் மெச்சுகிறேன். ஒவ்வொரு புரோப்புக்கும் நேரே, அது தவறுதலாக ஒட்டக்கூடிய பரம்பரையலகுகளின் பெயர்களை எழுதித் தருகிறது. எதற்கெல்லாம் நல்ல புரோப் கிடைக்கவில்லை என்பதைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைக்கிறது. ஈ-அரே தருவதோ பெரும்பாலும் தரக்குறியீடு மட்டுமே. பி.சி.1 என்றால் சிறந்தது, பி.சி.4 என்றால் சுமார், அதற்கும் கீழே ‘மோசம்’ என்றொரு வகுப்பு. ஏன் மோசம் என்று கேட்க முடியாது.

இந்த வேறுபாடு எங்களைச் சுட்டது. முதல் வடிவமைப்பை ஈ-அரேயில் செய்தபோது, ஒப்பிடுவதற்கான முழுத் தூது ஆர்.என்.ஏ தொகுதியை ஏற்றாமல், இலக்குக் கோப்பையே தொகுதியாகப் பயன்படுத்தும் தெரிவை நான் அழுத்திவிட்டேன். அதன் பொருள், எங்கள் 2,400க்கு உள்ளே மட்டும் ஒற்றுமை பார்க்கப்படும், மிளகாயில் இருக்கும் ஏறத்தாழ 35,000 பரம்பரையலகுகளில் மீதி எவையும் கணக்கில் வரா என்பதே. முடிவுகள் வந்தபோது உயிரணுக்களுக்கு நீரைக் கடத்தும் அக்குவாபொரின் புரதத்துக்கான இரண்டு பரம்பரையலகுகள் எட்டு மாதிரிகளிலும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. உயிரியல் உண்மையைக் கண்டுவிட்டோம் என்று இரண்டு நாட்கள் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் அந்தப் புரோப்புகளை முழுத் தொகுதியோடு ஒப்பிட்டேன். இரண்டுமே எங்கள் பட்டியலில் இல்லாத மூன்றாவது அக்குவாபொரின் ஒன்றோடு 60க்கு 57 எழுத்துகள் பொருந்தின. நாங்கள் அளந்தது அந்த மூன்றாவதைத்தான். 50 எழுத்துப் புரோப்புகளில் 75 வீதத்துக்கு மேற்பட்ட ஒற்றுமை இருந்தால் குறுக்குப் பிணைப்பு (வேறொரு பரம்பரையலகின் ஆர்.என்.ஏ வந்து ஒட்டுவது) நேரும் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வொன்று காட்டியிருந்தது. அதை மாணவர்களுக்குப் படிப்பித்தவனே நான்தான். குற்றம் மென்பொருளினுடையது அல்ல, என்னுடையது. ஆனாலும் ஒலிகோ-அரேயாக இருந்திருந்தால், பிளாஸ்ட் தரவுத்தளத்தை நானே கட்ட வேண்டியிருப்பதால், அதில் எதைச் சேர்ப்பது என்ற கேள்வி தானாகவே முன்னால் வந்து நின்றிருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் இணைய வழிக்குச் சாய்கிறேன்? பராமரிப்புக்காக. வடிவமைப்பு ஒரு நாள் வேலையல்ல. அரேயை அச்சிட்ட பின்னரும் இரண்டு, மூன்று ஆண்டுகள் அதை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் இரண்டு வழிகளும் உண்மையாகப் பிரிகின்றன.

2022 பங்குனியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஒலிகோ-அரேயை எங்கள் கணினியில் முழுத் தொகுதிக்கு எதிராக ஓடவிட்டால் இரண்டு நாட்களுக்கு மேல் எடுக்கும். யூ.பி.எஸ் இருபது நிமிடம் தாங்கும். மூன்று முறை பாதியில் அறுந்தது. பட்டியலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, மின்சாரம் இருக்கும் வேளைகளில் ஒவ்வொன்றாக ஓட்டி, இறுதியில் ஒட்டினோம். அதே வாரத்தில் ஈ-அரேயில் கொடுத்த வேலையைக் கைத்தொலைபேசி இணைப்பில் ஏற்றிவிட்டு நித்திரைக்குப் போனேன். முடிவு மின்னஞ்சலில் காத்திருந்தது. மின்வெட்டு நிரந்தரமல்ல என்று சொல்லலாம். அதனால் இதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

பெரிய இழப்பு பின்னால் வந்தது. ஒலிகோ-அரே வடிவமைப்பைச் செய்த மாணவர் பட்டம் பெற்று வெளிநாடு சென்றுவிட்டார். புரோப்புகளின் பட்டியல் எங்களிடம் இருந்தது. ஆனால் அதை உருவாக்கப் பயன்பட்ட வரிசைத் தொகுதி எந்தப் பதிப்பு, உருகுநிலை எல்லை எவ்வளவு, ஒதுக்கப்பட்டவை எவை என்பவை எல்லாம் அவருடைய பழைய மடிக்கணினியோடு போய்விட்டன. நாற்பது புரோப்புகளை மட்டும் மாற்ற விரும்பியபோது அதே அளவுகோலில் மாற்றுவதற்கு வழியே இருக்கவில்லை. ஈ-அரேயிலோ, சமர்ப்பித்த வடிவமைப்புக்கு நிரந்தர இலக்கம் ஒன்று கிடைக்கிறது. அதன் பிறகு யாரும் அதில் கைவைக்க முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் நகலெடுத்து, மாற்றி, புதிய இலக்கம் பெற வேண்டும். முதலில் இது எரிச்சலூட்டியது. இப்போது இதைத்தான் அதன் தலைசிறந்த குணமாக நினைக்கிறேன், ஏனென்றால் எந்த வழுக்கி எந்தப் பட்டியலில் இருந்து வந்தது என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. பழைய இலக்கத்தைக் கொடுத்து மேலும் ஒரு வழுக்கிக்குக் கட்டளை அனுப்பலாம். டொலருக்கு 200 ரூபாவாக இருந்த மாற்று விலை சில மாதங்களுக்குள் 360 ஆன காலத்தில், இப்போதைக்கு இரண்டு, மிகுதி அடுத்த நிதியாண்டில் என்று வாங்க முடிந்தது எங்களைக் காப்பாற்றியது.

ஆனால் வழங்கியில் இருக்கிறது என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. நிம்பிள்ஜென் அரேக்களை விற்றுவந்த ரோஷ் நிறுவனம், அந்தத் தொழிலையே கைவிடுவதாக 2012இல் அறிவித்தது. அஃபிமெட்ரிக்ஸ் 2016இல் தேர்மோ ஃபிஷரிடம் கைமாறியது. எனவே வடிவமைப்பைச் சமர்ப்பிக்கும் அன்றைக்கே புரோப்புகளின் வரிசைகளைத் தரவிறக்கி வையுங்கள். கோப்பைத் திறந்ததும் ஒரு விடயம் கண்ணில் படும். ஈ-அரே தெரிவுசெய்த புரோப்புகளின் பெயர்களில் ‘கஸ்ட்’ என்று தொடங்கி, ஒரு வரிசை எண்ணும் ‘பி.ஐ’ என்ற எழுத்துகளோடு ஒரு நீண்ட எண்ணும் வரும். அந்தப் பெயரைப் பார்த்து அது எந்தப் பரம்பரையலகு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே புரோப்பின் பெயர், அதன் 60 எழுத்துகள், இலக்குப் பரம்பரையலகு ஆகிய மூன்றும் அருகருகே இருக்கும் அட்டவணை ஒன்று அவசியம்.

அந்த 60 எழுத்துகள் ஏன் முக்கியம் என்றால், பரம்பரையலகுகளின் பெயர்கள் நிலையானவை அல்ல. மிளகாயிலேயே 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக மரபுத்தொகுதியை வெளியிட்டன. ஒன்றில் பெயர்கள் ‘சி.ஏ’ என்று தொடங்கும், மற்றதில் ‘கப்பானா’ என்று தொடங்கும். திருத்தப் பதிப்புகளில் சில பரம்பரையலகுகள் இரண்டாகப் பிரிகின்றன, சில ஒன்றாகின்றன. வரிசை கையில் இருந்தால் புதிய பதிப்போடு ஒரு பிற்பகலில் பிளாஸ்ட் செய்து, பழைய தரவுக்குப் புதிய பெயர்களைச் சூட்டிவிடலாம். பெயர் மட்டும் இருந்தால் தரவு பழங்கணக்காகிவிடும். அந்த அட்டவணையை ஜியோ என்னும் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ‘தளம்’ (அரேயின் விவரப் பதிவு) ஆகப் பதிவு செய்துவிட்டால், எங்கள் அலுமாரிக்கு வெளியே ஒரு பிரதி செலவில்லாமல் பாதுகாப்பாக இருக்கும். கட்டுரை வெளியிடும்போது எப்படியும் கேட்பார்கள்.

இப்போது நான் செய்வது கலப்பு முறை. ஈ-அரேயில் முழுத் தூது ஆர்.என்.ஏ தொகுதியையும் ஏற்றி, பரம்பரையலகுக்கு ஐந்து புரோப்புகளாகக் கேட்டு வாங்கி, அவற்றை எங்கள் கணினியில் பிளாஸ்ட் மூலம் சலித்து, தேறிய மூன்றை மட்டும் சமர்ப்பிக்கிறேன். இதற்கு ஒரு மணித்தியாலம்கூடத் தேவையில்லை. அக்குவாபொரின் போன்ற நெருக்கமான குடும்பங்களுக்கு மட்டும் ஒலிகோ-அரேயைத் திறக்கிறேன்.

நான் செய்தவை அனைத்தும் பரம்பரையலகுகளின் முடுக்கத்தை அளக்கும் வெளிப்பாட்டு அரேக்களே. பரம்பரையலகுப் பிரதி எண்ணிக்கையை அளக்கும் அரேக்களையோ, மைக்ரோ ஆர்.என்.ஏ அரேக்களையோ நான் வடிவமைத்ததில்லை. இங்கே சொன்னவற்றை அவற்றுக்கு அப்படியே நீட்ட வேண்டாம். ஒலிகோ-அரேயையும் ஒரேயொரு திட்டத்துக்குத்தான் முழுமையாகப் பயன்படுத்தினேன். லினக்ஸில் பழகிய கையும் நல்ல வழங்கியும் உள்ளவர்களுக்கு அது எனக்குக் காட்டிய முகத்தைவிட நல்ல முகத்தைக் காட்டக்கூடும்.

சின்ன வெங்காயத்தில் இதே வேலையைத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன கிழமை தமது பட்டியலோடு வந்தார். அவருடைய வரிசைகள் முழு மரபுத்தொகுதியிலிருந்து வந்தவை அல்ல, ஆர்.என்.ஏ துண்டுகளைக் கோத்துச் செய்தவை. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்ற திசையே பாதிக்குத் தெரியாது. திசை தவறிய புரோப்பில் எதுவும் ஒட்டாது. எனவே ஒவ்வொரு வரிசைக்கும் இரு திசைகளிலும் ஒவ்வொரு புரோப் வைத்து முதலில் ஒரேயொரு வழுக்கியை அச்சிடும்படியும், எந்தத் திசையில் சமிக்ஞை வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் இலக்கத்தைப் பெறும்படியும் சொல்லியிருக்கிறேன். முதல் கோப்பை அன்றிரவே அவர் ஏற்றிவிட்டார்.