ஒரே புழு, மூன்று கோர்ப்புகள்: டெக்சாஸ், வேக்கி, நெகோ

அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்களின் பெட்டியில் கேரி யமமோட்டோ நிறுவனத்தின் 5 அங்குல சென்கோ என்ற செயற்கைப் புழு பெரும்பாலும் இருக்கும். பார்வைக்கு வெறும் பிளாஸ்டிக் குச்சிதான். ஆனால் அதில் கலந்துள்ள உப்பின் கனத்தால், ஈயக்குண்டு எதுவும் கட்டாமலே நடுங்கியபடி அமிழும். மீன் கொத்தாதபோது பலர் முதலில் நிறத்தைத்தான் மாற்றுகிறார்கள். தூண்டில் முள்ளைப் புழுவில் குத்தும் இடத்தை, அதாவது கோர்ப்பை, மாற்றிப் பார்ப்பதே அதைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

டெக்சாஸ் கோர்ப்பு எல்லோரும் அறிந்தது. புழுவின் தலைவழியே முள்ளைச் செலுத்தி, திருப்பி, கூர்முனையை உடலுக்குள் புதைத்துவிடுவதால், பாசியிலும் மூழ்கிய மரக்கிளைகளிலும் அது சிக்காமல் நழுவி வரும். முனை பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வெளிவர வேண்டியிருப்பதால், மீன் கடித்ததும் தடித்த தூண்டில் கோலால் பலமாகச் சுண்டி இழுக்க வேண்டும். அடர்ந்த பாசிக்குள் இதற்கு மாற்று தேடுவது வீண்.

வேக்கி என்ற பெயருக்கே கிறுக்குத்தனம் என்றுதான் பொருள். புழுவின் நடுவில் குறுக்காக முள்ளைக் குத்தினால், அமிழும்போது இரு முனைகளும் தனித்தனியே துடிக்கும். ஆழமற்ற நீரில், படகுத்துறை நிழலில், அந்தத் துடிப்புக்கு இணையானதை நான் கண்டதில்லை. ஆனால் 4 மீட்டர் ஆழத்திற்கு இறங்கப் பொறுமை வேண்டும். காற்றடித்தால் தூண்டில் நரம்பு வளைந்து கடி கைக்குத் தெரியாமலே போகும், அதற்குள் மீன் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிடவும் கூடும். மீனைத் திரும்ப நீரில் விட நினைப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஜப்பானிலிருந்து வந்த நெகோ, ஆழத்திற்கு மெதுவாக இறங்கும் குறையைத்தான் தீர்க்கிறது. முள் ஏறத்தாழ நடுவிலேயே இருக்க, ஒரு முனைக்குள் ஆணி வடிவிலான சிறு எடையைச் செருகுகிறோம்; 1 முதல் 2 கிராம் போதும். புழு தலைகீழாக இறங்கித் தரையைத் தொடும். கோல்நுனியை மெல்ல அசைத்தால், தரையைக் கிளறி இரை தேடும் சிறு மீனைப் போல வால் மேல்நோக்கி நின்று ஆடும். தெளிந்த, ஆழமான, கற்பாங்கான தரைக்கு என் தேர்வு இதுவே. இந்த எடை ஈயத்தைவிட டங்ஸ்டனாக இருப்பது நல்லது: அடர்த்தி மிகுந்ததால் ஆணி சிறிதாகிறது, கல்லில் தட்டுவதும் விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், லூன் என்ற நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கி இறப்பதால், ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈயக்குண்டுகளுக்குத் தடையே இருக்கிறது.

வேக்கி, நெகோ இரண்டிலும் புழு எளிதில் கிழியும். ரப்பர் வளையம் மாட்டி அதனடியில் முள்ளைச் செலுத்தினால் ஒரே புழு பல மீன்களுக்குத் தாங்கும். மின்வேலையில் பயன்படும், சூடுபட்டால் சுருங்கும் குழாயின் சிறு துண்டு அதைவிட உறுதியாகப் பற்றுகிறது. அப்படியும் நடுவில் கிழிந்ததை நீரில் எறியாமல், பாதியாக வெட்டிக் காளான் தலை வடிவ எடை பொருத்திய முள்ளில் (ஜிக்) கோர்த்தால், நெட் (Ned) என்ற இன்னொரு கோர்ப்புக்கு அது அளவாகப் பொருந்திவிடும்.