பிரேக் கறையை எடுக்கக் கொடுத்தேன், சக்கரத்தின் பெயின்டையே எடுத்துவிட்டார்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். மூன்று நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. காரின் அலாய் (அலுமினியக் கலவை) சக்கரங்களில் படிந்திருந்த பிரேக் கறையை எடுப்பதற்காக, கார்களைக் கழுவி மெருகேற்றித் தரும் ஒரு கடையில் வண்டியை விட்டேன். நான்கு சக்கரங்களிலும் பெயின்ட் வெந்துபோய்த் திரும்பி வந்தது. உரித்து மறுபடி பெயின்ட் அடிக்க என்னுடைய ஒரு மாதச் சம்பளம் ஆகும் என்கிறார்கள். கறை எடுக்கப் போய் ஒரு மாதச் சம்பளம்! கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரிக் கடை உங்கள் வீட்டருகிலும் இருக்கலாம், அதனால் நடந்ததைப் படித்துவிடுங்கள். இந்தக் கறையை எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கறை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இது தெரியாததால்தான் ஏமாந்தேன். பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் கட்டையான பேடும் சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கும் ஒன்றையொன்று தேய்த்துத் தூளாகின்றன. அந்தத் தூளில் சூடான இரும்புத் துகள்கள் இருக்கின்றன. அவை பறந்து வந்து சக்கரத்தின் மேல்பூச்சில் பதிகின்றன. பிறகு மழையோ கழுவிய நீரோ பட்டால் அங்கேயே துருப்பிடித்து இன்னும் இறுகிக்கொள்கின்றன. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு வேலையைச் செய்வது முன் பிரேக்குகள் என்பதால் முன் சக்கரங்களில்தான் கறை அதிகம். என் காரில் முன்னால் இரண்டும் தவிட்டு நிறமாகிவிட்டன, பின்னால் இரண்டும் ஓரளவு வெள்ளியாகவே இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஷாம்பூ போட்டுத் தேய்த்தேன். மேலே இருந்த தூசி போனது. ஊசி முனை அளவுப் புள்ளிகள் மட்டும் அப்படியே நின்றன. விரலால் தடவினால் உப்புத்தாளைத் தொட்டது போலச் சொரசொரவென்று இருந்தது.

அதனால்தான் கடைக்குப் போனேன். வாசலில் பளபளக்கும் கார்கள், சுவரில் கறையோடும் கறையில்லாமலும் எடுத்த சக்கரப் படங்கள், சீருடை போட்ட பையன்கள். உரிமையாளரே எழுந்து வந்தார். குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். "எத்தனை நாள் கறை சார் இது?" என்றார். ஒரு வருடம் இருக்கும் என்றேன். "பத்து நிமிட வேலை" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சக்கரம் பெயின்ட் அடித்தது, பெயின்டுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். அப்போது அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு, "தம்பி, சாருக்கு ஒரு இடத்தில் அடித்துக் காட்டு" என்றார். அவன் லேபிள் இல்லாத ஒரு வெள்ளைக் குப்பியை எடுத்து வந்து பின் சக்கரத்தின் ஓர் ஆரத்தில் இரண்டு முறை பீய்ச்சினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீர் அடித்தான். அந்த இடம் புதிதாக வாங்கியது போல மின்னியது. உரிமையாளர் அந்த ஆரத்தை உள்ளங்கையால் தடவி, "தொட்டுப் பாருங்கள் சார். என் சொந்தக் காருக்கும் இதைத்தான் அடிக்கிறேன்" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நம்பிவிட்டேன்.

இப்போது யோசித்தால்தான் ஒவ்வொன்றாகப் புரிகிறது. அவர் காட்டச் சொன்னது பின் சக்கரத்தில். கறை குறைவாக இருந்த, சூடும் குறைவாக இருந்த சக்கரம் அது. அரை நிமிடத்தில் கழுவியும் விட்டான். நான் முக்கால் மணி நேரம் நெரிசலில் பிரேக் மிதித்து மிதித்து ஓட்டிக்கொண்டு வந்தவன். முன் சக்கரங்களில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. குப்பியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. என் சக்கரத்தில் இருப்பது என்ன பூச்சு என்று அவரும் கேட்கவில்லை.

காத்திருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான்கு சக்கரங்களிலும் வரிசையாக அடித்தான். பிறகு வேறொரு கார் உள்ளே வந்தது, அவனை அங்கே அனுப்பிவிட்டார்கள். என் சக்கரங்கள் அந்தத் திரவத்தோடு வெயிலில் நின்றன. பத்து நிமிடமாவது இருக்கும். நெடி மூக்கைத் துளைத்து அறைக்குள் வந்தது. எழுந்து போய்க் கேட்டேன். "ஊற வேண்டும் சார், அப்போதுதான் கறை விடும்" என்று அதே உரிமையாளர் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் எழுந்து நின்று சத்தம் போட்டிருந்தால் இன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளம் என்னிடம் இருந்திருக்கும்.

கழுவி, டயருக்கு மெருகு போட்டுக் கொடுத்தபோது எல்லாம் ஈரமாக இருந்தது. ஈரத்தில் எந்தப் பெயின்டும் அழகாகத்தான் தெரியும். பணம் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் பால் தெளித்தது போல வெளுத்திருந்தன. ஆரங்களின் மேல் திரவம் வழிந்த கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. போல்ட்டுகளைச் சுற்றித் திரவம் தேங்கிய குழிகளில் பெயின்ட் கொப்பளித்து, நகம் பட்டாலே உரிந்தது. பளிச்சென்று இருந்த போல்ட்டுகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. பின் சக்கரங்களிலும் அதே வெளுப்பு, கொஞ்சம் குறைவாக.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். "கெமிக்கல் படிவு சார், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்" என்றார்கள். துடைத்தேன், போகவில்லை. மறுபடி அழைத்தேன். முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். மாலையும் அதே பதில். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு நேரில் போனேன். முதலாளி உள்ளேதான் இருந்தார். காரைப் பார்க்க வெளியே வர அவருக்கு அரை மணி நேரம் ஆனது. பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "இது பழைய பெயின்ட் சார், ஏற்கெனவே போய்க்கொண்டிருந்திருக்கும். கறை மூடியிருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை."

கறை மூடியிருந்ததாம்! சனிக்கிழமை இதே மனிதர்தான் இதே சக்கரத்தைத் தடவித் தொட்டுப் பாருங்கள் என்றவர். என்ன கெமிக்கல் அடித்தீர்கள் என்று கேட்டேன். அது தொழில் ரகசியம் என்றார். குப்பியைக் காட்டுங்கள் என்றேன். தீர்ந்துவிட்டது என்றார். பெயின்ட் அடிக்கும் செலவில் பாதியையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. கடைசியில், அடுத்த முறை வந்தால் இலவசமாகக் கழுவித் தருகிறேன் என்றார். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடாக ஒரு கழுவல்.

அங்கிருந்து நேராகச் சக்கரங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒருவர், பார்த்ததுமே "ஆசிட்" என்றார். போல்ட்டுகளைக் காட்டினார். அவற்றின் மேல் இருந்த துத்தநாகப் பூச்சை அமிலம் தின்றிருக்கிறது, வெறும் பழைய பெயின்டாக இருந்தால் போல்ட் ஏன் சாம்பல் பூக்க வேண்டும் என்று கேட்டார். சக்கரத்தின் நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது என்றும், சூடான சக்கரத்தில் அமிலத்தை அடித்துக் காயவிட்டால் அது எத்தனை நிமிடம் தாங்கும் என்றும் கேட்டார். மேலே பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாதா என்றேன். அடிவரை போய்விட்டது, டயரைக் கழற்றி, முழுவதும் உரித்து, மறுபடி பூச வேண்டும் என்றார். நான்கு சக்கரம். தொகையைச் சொன்னார். ஒரு மாதச் சம்பளம் என்று முன்பே எழுதிவிட்டேன், மறுபடி எழுதக் கை நடுங்குகிறது.

பெரியவர் சொன்ன இன்னொன்றும் மனதை அறுக்கிறது. சக்கரம் கழுவும் கடுமையான திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளூரைடோ இருக்கும். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் அந்த நேரத்தில் எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அதற்குள் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும். அந்தப் பையன் கையுறை இல்லாமல் பீய்ச்சிக்கொண்டிருந்தான். என் சக்கரமாவது பணத்தோடு போகும். அவன் கையை யார் பார்ப்பார்கள்?

சரி, எப்படி எடுக்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். விரிவாக எழுத இப்போது மனம் நிலைகொள்ளவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பெயின்ட் அடித்த சக்கரத்துக்கு அமிலம் வேண்டவே வேண்டாம். கடுங்காரமும் வேண்டாம், அது அலுமினியத்தையே அரிக்கும். இரும்புத் துகளைக் கரைப்பதற்கென்றே நடுநிலை பிஎச் உள்ள, அதாவது அமிலமும் இல்லாத காரமும் இல்லாத திரவங்கள் விற்கின்றன. அவற்றில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். இரும்பில் பட்டதும் ஊதா நிறமாக வழியும், அழுகிய முட்டை போல நாறும். என் சக்கரத்தில் ஊதா நிறம் துளியும் வரவில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சக்கரம் கையால் தொடும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். நிழலில், ஒரு நேரத்தில் ஒரு சக்கரம். குப்பியில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், காயவே விடாதீர்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை அடியுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். மென்மையான பிரஷ் போதும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் குப்பியின் லேபிளைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். லேபிள் இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். விடும் முன் நான்கு சக்கரங்களையும் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால்தான் பழைய பெயின்ட் என்று அவரால் வாய் கூசாமல் சொல்ல முடிந்தது. ரசீதின் பின்பக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே படியுங்கள். காய்ந்த பிறகு பார்க்காமல் கிளம்பாதீர்கள். கழுவியதும் டிஸ்க் ஈரமாக இருக்கும், முதலில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை லேசாக மிதித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். பட்டறையிலிருந்து இரண்டாவது முறையாக அழைக்கிறார்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினால்தான் டயரைக் கழற்றுவார்களாம்.