பிராசஸரை மாற்றுவதா, எஸ்எஸ்டி போடுவதா, வேறு மடிக்கணினி வாங்குவதா?

மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பிள்ளையின் பழைய மடிக்கணினி திணறினால், சுங்கை சிப்புட்டில் மூன்று யோசனைகள் காதில் விழும்: பிராசஸரை (கணினியின் மூளையான சில்லை) மாற்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சேமிப்பகம்) போடு, ஈப்போவுக்குப் போய் வேறு வாங்கு. எதற்கும் வெள்ளி செலவாகும். பலன் மட்டும் ஒன்றாக இராது.

முதலில் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யூ' என்றால் பிராசஸரை மாற்றும் யோசனையை விட்டுவிடலாம். சில்லு மதர்போர்டில் (முதன்மைப் பலகையில்) ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டது. மடிக்கணினிக்கென்றே இன்டெல் செய்தவற்றில் கழற்றி மாட்டும் வகை 4ஆம் தலைமுறையோடு முடிந்தது. 'எம்', 'கியூஎம்', 'எம்கியூ' என முடிந்தால் வாய்ப்புண்டு. சிபியு-இசட் மென்பொருளில் பேக்கேஜ் வரியில் 'ஆர்பிஜிஏ' (rPGA) என்றிருந்தால் கழற்றி மாட்டும் சாக்கெட், 'பிஜிஏ' (BGA) என்றிருந்தால் பற்றவைத்தது.

லெனோவோவின் திங்க்பேட் டி430 மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஐ5-3320எம் சில்லுக்கு 2 கோர் (கணக்கிடும் பகுதி), 35 வாட் வெப்பம். ஐ7-3632கியூஎம் 4 கோர், ஆனால் அதே 35 வாட். ஆகவே வெப்பத்தை வெளியேற்றும் பழைய ஹீட்சிங்கே தாங்கும். ஐ7-3740கியூஎம் 45 வாட் கேட்கும். அறை 10 பாகை கூடுதலாகச் சூடேறினால் சில்லும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். தகரக் கூரையின் கீழ், ஏர்கான் இல்லாத பிற்பகலில் அந்த 45 வாட் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த பணம் அங்கே வீண். இன்னொரு பொறி: 3632கியூஎம் சாக்கெட் வகை, பற்றவைக்கும் வகை இரண்டிலும் வந்தது. இணையத்தில் வாங்குமுன் அடிப்பக்கப் படம் கேளுங்கள். ஊசிகள் தெரியாவிட்டால் வேண்டாம்.

மாற்றும்போது பயாஸை (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருளை) பழைய சில்லு இருக்கும்போதே புதுப்பியுங்கள்; புதிய சில்லை அடையாளம் தெரியாத பயாஸ் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஹீட்சிங்க் திருகுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சாக்கெட் ஓரத்துத் திருகை அரைச்சுற்று திருப்பினால் பூட்டு விடும். முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் சில்லு தானாக அமரும். அழுத்தினால் ஊசி வளையும். சில்லின் மேலுள்ள, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அரிசியளவு புதியது போதும். விசிறித் தூசியையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

இருந்தாலும், உள்ளே இன்னும் ஹார்ட் டிஸ்க் சுழன்றால் எந்தப் பிராசஸரும் உதவாது. அது நொடிக்கு 100 எம்பி அளவில் தரும். சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். சிறு கோப்புகளில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. 2.5 அங்குலம், 7 மி.மீ. தடிமன் வாங்குங்கள். ரேம் (தற்காலிக நினைவகம்) 4 ஜிபி என்றால் இன்னொரு 4 சேருங்கள். 4ஆம் தலைமுறைக் கணினி 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகை ரேமை மட்டுமே ஏற்கும். பாடம், தட்டச்சு, கூகுள் மீட் எல்லாவற்றுக்கும் முதல் செலவு இதுதான். இவை இரண்டும் ஏற்கெனவே இருந்து, காணொளித் தொகுப்பில் மட்டும் திணறும் கணினிக்கே பிராசஸர் மாற்றம் தகும்.

மூன்றாவது வழிக்குக் காரணம் வேகமல்ல, விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். 3632ஐ மாட்டினாலும் இந்தச் சுவர் நகராது. ஐ5-8250யூவிலும் 4 கோர்தான், ஆனால் 15 வாட். இந்தத் தலைமுறையில் பழைய மடிக்கணினி எடுப்பதானால் ரேமைப் பாருங்கள்: திங்க்பேட் டி480இல் இரண்டு ரேம் துளைகள் உண்டு, திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் ரேமும் பற்றவைக்கப்பட்டதே. 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8தான்.