மாதச் சந்தாவில் கட்டிய மெக்லாரன்: சில வருடங்களுக்குப் பிறகு எப்படி இருக்கிறது?

மாதாமாதம் பாகம் பாகமாக வரும் பெரிய ரேஸ் கார் கிட்டுக்குச் சந்தா கட்டலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கட்டியது மெக்லாரன் எம்.பி.4/4, அதாவது 1988-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அயர்டன் சென்னா தன் முதல் உலகப் பட்டத்தை வென்ற கார், 1:8 அளவில், அசலில் எட்டில் ஒரு பங்கு. முதல் பெட்டி வந்ததும் எழுதும் விமர்சனங்கள் நிறையக் கிடைக்கும். பெயின்ட் மங்குகிறதா, ஸ்க்ரூ தளர்கிறதா, டயர் என்ன ஆகிறது என்பதெல்லாம் வருடக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தால்தான் தெரியும்.

முதலில் இடம். அசல் கார் ஏறக்குறைய 4.4 மீட்டர் நீளம், எனவே மாடல் 55 சென்டிமீட்டர் வரும், அகலம் 27 வரை. கண்ணாடிப் பெட்டியும் சேர்த்தால் சாதாரணப் புத்தக அலமாரியில் உட்காராது. உயரம் மட்டும் அரைச்சாண்தான். அந்தத் தாழ்வுதான் இந்தக் காரின் அழகே. டிரைவர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் ஓட்டினார். காக்பிட் பாகங்கள் வந்த மாதத்தில் சீட்டைப் பொருத்திப் பார்த்தபோது, படங்களில் எத்தனையோ முறை பார்த்திருந்தும் அப்போதுதான் அது முழுசாகப் புரிந்தது.

பணத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இங்கே பிரிட்டனில் எல்லாம் சேர்த்து ஆயிரம் பவுண்டைத் தொட்டுவிட்டது. இந்த வகைக் கிட்களில் முதல் பெட்டி கண்ணைக் கவரும் விலையில் வரும், மூக்குப் பகுதியோ ஒரு சக்கரமோ ஏதாவது பளிச்சென்ற பாகம் அதில் இருக்கும், அடுத்த மாதத்திலிருந்து முழு விலை ஆரம்பமாகும். சந்தாவில் சேருவதற்கு முன்பே மொத்த விலையை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். பாதியில் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது பாதிக் கார், அதை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள்.

சரி, கட்டும் அனுபவம். எஞ்சின் வரும் மாதங்களுக்காகவே இந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பது என் முடிவு. ஹோண்டா ஆர்.ஏ.168.இ, ஒன்றரை லிட்டர் வி6, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. அந்த வருடம் டர்போ கார்களின் கழுத்தை நெரிக்கத்தான் விதிகளே வந்தன: பூஸ்ட் அழுத்தம் 4 பாரிலிருந்து 2.5-க்கு இறங்கியது, பந்தயத்துக்கான எரிபொருள் 195 லிட்டரிலிருந்து 150 ஆனது, அடுத்த வருடம் டர்போவுக்கே முழுத் தடை. மற்ற பல அணிகள் டர்போவைக் கைவிட்டபோது ஹோண்டா ஒரே ஒரு பருவத்துக்காக உட்கார்ந்து இந்த எஞ்சினைச் செதுக்கியது. டர்போ, இன்டர்கூலர், அவற்றை இணைக்கும் குழாய்கள் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பொருத்தும்போது காற்று எங்கே நுழைந்து எங்கே அழுத்தப்பட்டு எங்கே குளிர்ந்து எஞ்சினுக்குப் போகிறது என்பது விரல் வழியாகவே மனதில் ஏறிவிடுகிறது. எஞ்சினைத் தரையோடு தாழ்த்தி வைத்ததால் சக்தியைப் பின்சக்கரத் தண்டின் உயரத்துக்குக் கொண்டுபோக மூன்று தண்டு கியர்பாக்ஸ் தேவைப்பட்டது. இதை நான் முன்பே படித்திருக்கிறேன். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் ஏன் என்று கேட்கவே தேவையில்லாமல் போனது. இந்தக் காரை வடிவமைத்த பெருமை மெக்லாரன் பொறியாளர்களில் ஸ்டீவ் நிக்கல்ஸுக்கா கார்டன் மர்ரேவுக்கா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு நிக்கல்ஸுக்கு.

அப்புறம் ஸ்க்ரூ. வேலையில் பாதி இதுதான். உலோகப் பாகத்தில் ஸ்க்ரூவை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். பாதி இறக்கி, திருப்பி எடுத்து, நுனியில் துளி எண்ணெயோ சோப்போ தடவி மறுபடி இறக்குங்கள், தலை தேயாது. நல்ல காந்த முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சும் ஸ்க்ரூக்களை உறையில் இருந்த எழுத்தோடு சேர்த்துச் சின்ன டப்பாக்களில் போட்டு வையுங்கள், பின்னால் நிச்சயம் தேவைப்படும். நடுவில் எனக்கு வந்த ஒரு பெட்டியில் எக்ஸாஸ்ட் குழாய் வளைந்திருந்தது. மாற்றுப் பாகம் கேட்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி, அடுத்த பெட்டியும் வந்த பிறகுதான் கிடைத்தது. பெட்டி வந்த அன்றே எல்லாப் பாகத்தையும் வெளியே எடுத்துச் சரிபார்ப்பது அவசியம் என்று சொல்வது இதனால்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு விஷயம். அசல் காரில் இருந்தது வெறும் சிவப்பு கிடையாது, ஆரஞ்சு கலந்த ஒளிரும் சிவப்பு. டிவியில்தான் அது, காரில் விளம்பரம் செய்த மார்ல்போரோ சிகரெட் பெட்டியின் சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிகரெட் பெயர் மாடல் கார்களில் பெரும்பாலும் இருக்காது, காரணம் புகையிலை விளம்பரத் தடை. அந்த இடம் வெறுமையாக இருப்பது சிலருக்கு உறுத்தும், தனியாக டீக்கால் (மெல்லிய ஸ்டிக்கர்) வாங்கி ஒட்டுகிறார்கள். நான் ஒட்டவில்லை, எனக்கு சென்னாவின் 12 என்ற எண்ணும் மஞ்சள் ஹெல்மெட்டும் போதும்.

இப்போது கார் எப்படி இருக்கிறது? உலோக உடல், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் கட்டிய அன்று போலவே இருக்கின்றன, துளி குறை இல்லை. பிளாஸ்டிக்கில் இறங்கிய ஸ்க்ரூக்கள், முக்கியமாகச் சஸ்பென்ஷன் கைகளில், மெல்லத் தளர்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை இறுக்கினால் போதும். வளைவான இடங்களில் ஸ்டிக்கர் ஓரம் தூக்குகிறது. வெயில் படும் பக்கத்தில் சிவப்பு லேசாக வெளுத்திருப்பது மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டால் தெரியும், ஆகவே ஜன்னல் பக்கம் வைக்கவே வேண்டாம். டயர் ரப்பர் நாள்பட்டால் பிளாஸ்டிக் மேடையில் கறை விடும், சக்கரம் மேடையைத் தொடாதபடி அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். தூக்கும்போது அடிப்பாகத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், இறக்கையில் கை வைக்கக் கூடாது. தூசிக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டாயம், அதன் செலவையும் கணக்கில் சேருங்கள்.

நான் மேல்மூடியைக் கழற்றி வைத்துத்தான் பார்வைக்கு வைத்திருக்கிறேன். மூடிய காரைவிட மலிவான ரெடிமேட் மாடல்கள் வெளித்தோற்றத்தில் நன்றாகவே இருக்கின்றன, இந்தக் கிட்டின் மதிப்பு முழுக்க உள்ளேதான். 16 பந்தயத்தில் 15-ஐ ஜெயித்த கார் இது, சென்னா எட்டு, அதே அணியின் இன்னொரு டிரைவர் ப்ராஸ்ட் ஏழு. தவறியது இத்தாலியின் மோன்சா பந்தயம் மட்டும், அதுவும் முடிய இரண்டே சுற்று இருக்கும்போது சென்னா வில்லியம்ஸ் அணியின் ஒரு காரோடு மோதி நின்றுபோனார். இந்தக் கதையெல்லாம் உங்களுக்கு உயிர் என்றால் தாராளமாக இறங்குங்கள். அலமாரிக்கு அழகாக ஒரு கார் வேண்டும், அவ்வளவுதான் என்றால் இந்தப் பணமும் நேரமும் வீண்.

இந்தியாவுக்கு வரவழைக்க நினைப்பவர்கள் மாதச் சந்தாவைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தபால் செலவு, சுங்கம், எங்காவது ஒன்று மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே வேலை நின்றுவிடும். எல்லாப் பாகமும் ஒரே மூட்டையாக விற்கும் முழுக் கிட் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.